முதுகில் எழுதிய பெயர் மெய்தானா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவர் தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு பெருக்கிச் சுற்றை அமைத்துக்கொண்டிருந்தார். நொடிக்கு 50,000 முறை அதிரும் சைன் அலையை உள்ளே கொடுத்தால், அது வடிவம் மாறாமல் 10 வோல்ட் உயரத்துக்கு வளர்ந்து வெளியே வரவேண்டும். ஆனால் ஆசிலோஸ்கோப்பில் தெரிந்ததோ 2.5 வோல்ட் உயரமுள்ள ஒரு முக்கோண அலை! மூன்று நாட்கள் அவர் சுற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். நானும் என் பங்குக்கு, "ஒரு இணைப்பைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லையா?" என்று நான்கு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

நான்காம் நாள் ஏதோ ஐயத்தில், அவர் கடையில் வாங்கி வந்த ஐ.சி.யின் முதுகை அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தோம். பஞ்சு கறுத்தது. எழுத்துகள் கரைந்தன. அடியில் உப்புத்தாளால் தேய்த்தது போன்ற கீறல்கள் தெரிந்தன. யாரோ பழைய பெயரைத் தேய்த்து அழித்து, மேலே கறுப்புப் பூசி, வேறொரு பெயரை அச்சிட்டிருக்கிறார்கள்! வேகமாக இயங்கும் உயர்ந்த ரகப் பெருக்கி என்பது அந்தப் புதிய பெயர்.

அப்படியானால் உள்ளே இருப்பது எது? இந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

பெட்டியும் சில்லும்

வானொலியிலோ கணிப்பொறியிலோ நாம் காணும், பல கால்கள் கொண்ட கறுப்புப் பூச்சி போன்ற பொருளை ஐ.சி. என்கிறோம். உண்மையில் அந்தக் கறுப்பு உடல் வெறும் பெட்டி. பெரும்பாலும் எப்பாக்சி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வேலை செய்வது அதன் நடுவே புதைந்திருக்கும் சிறிய சிலிக்கான் துண்டு. இக்கட்டுரையில் அந்தத் துண்டை மட்டும் சில்லு என்று அழைப்போம்.

சில்லு எவ்வளவு சிறியது? 1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 4004 என்ற நுண்செயலியின் சில்லு ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர். அதற்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள். சில்லின் ஓரங்களில் சிறு சதுரத் திட்டுகள் வரிசையாக இருக்கும். தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பி அல்லது அலுமினியக் கம்பி ஒவ்வொரு திட்டையும் ஒரு காலுடன் இணைக்கும்.

பெட்டியின் முதுகில் உள்ள பெயர் மையால் அச்சிட்டது. அல்லது லேசர் கதிரால் பொறித்தது. அதை யாரும் மாற்றிவிடலாம். ஆனால் சில்லின்மேல் உள்ள கோடுகளை மாற்ற முடியாது. அந்தக் கோடுகளே சுற்று. அவற்றை மாற்றினால் சில்லு சில்லாக இருக்காது. ஆகவே பெயரைப் பெட்டியிடம் கேட்பதைவிடச் சில்லிடம் கேட்பதே மேல்.

எந்த நுண்ணோக்கி?

"தாவரவியல் துறையில் நுண்ணோக்கி இருக்கிறதே, அதில் வைத்துப் பார்த்தால் போயிற்று" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் முதலில் செய்தோம். தெரிந்தது ஒரு கருஞ்சதுரம் மட்டுமே! காரணம் எளிது. வெங்காயத் தோலைப் பார்க்கும் நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து வந்து பொருளை ஊடுருவி மேலே செல்கிறது. சிலிக்கானோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தன்னூடே விடுவதில்லை. எனவே அதன் நிழலைத்தான் பார்க்க முடியும்.

சில்லுக்கு ஒளி மேலிருந்து விழ வேண்டும். உலோகங்களையும் கனிமத் தாதுக்களையும் ஆராயும் நுண்ணோக்கிகளில் இந்த அமைப்பு உண்டு. குழாயின் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி. அது விளக்கொளியில் ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பும். பொருளருகு லென்ஸ் வழியே இறங்கும் ஒளி, சில்லில் பட்டுத் திரும்பி, அதே லென்ஸ் வழியே மேலேறி நம் கண்ணை அடையும். நிலவியல் துறையில் இருந்த அத்தகைய கருவியில்தான் எங்களுக்குச் சில்லு முதன்முதலாகக் காட்சி தந்தது.

அந்தக் காட்சியை எளிதில் மறக்க முடியாது. வானூர்தியிலிருந்து பார்க்கும் நகரம் போல வீதிகளும் கட்டடங்களும்! அலுமினிய இணைப்புகள் வெள்ளி நிறத்தில் பளிச்சிடும். மற்ற இடங்களில் பச்சை, ஊதா, பொன், நீலம். இந்த வண்ணங்கள் சாயத்தால் வந்தவை அல்ல. சிலிக்கானின்மேல் கண்ணாடி போன்ற சிலிக்கான் டையாக்சைடு மெல்லிய படலமாக இருக்கிறது. படலத்தின் மேற்புறத்தில் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதல்லவா? அதே குறுக்கீட்டு விளைவுதான் இது. படலம் 0.10 மைக்ரான் தடிப்பாக இருந்தால் ஊதா, 0.15 மைக்ரானில் வெளிர்நீலம், 0.20 மைக்ரானில் இளம்பொன். ஆக, நிறத்தைப் பார்த்தே எந்த இடத்தில் எத்தனை தடிப்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பெட்டியை எப்படித் திறப்பது?

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளாஸ்டிக் பெட்டியைக் கரைக்கச் சூடான, புகையும் நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஆவி நுரையீரலை அரிக்கும். துளி பட்டால் தோலைச் சுடும். எங்கள் ஐ.சி.யை வேதியியல் பேராசிரியர் ஒருவர், புகையை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துத் தாமே திறந்து தந்தார். மாணவர்கள் இதைத் தனியே முயலவே கூடாது.

அமிலம் இல்லாமலே சில்லைக் காண ஒரு வழி உண்டு. பழைய கணிப்பொறிப் பலகைகளில் ஈப்ராம் என்ற நினைவக ஐ.சி.யைப் பார்க்கலாம். அதில் எழுதியதைப் புறஊதாக் கதிரால் அழிப்பார்கள். கதிர் உள்ளே செல்வதற்காக அதன் முதுகில் வட்டமான குவார்ட்ஸ் சன்னல் பதித்திருக்கும். மேலே ஒட்டிய தாளை உரித்துவிட்டு ஒரு நல்ல உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். சில்லும், அதைச் சுற்றி நிற்கும் நுண்கம்பிகளும் தெளிவாகத் தெரியும்.

சில்லில் எழுத்துகள்

சில்லு கண்ணில் பட்டதும் முதலில் தேடவேண்டியது எழுத்துகளை. பல கம்பெனிகள் தங்கள் சின்னத்தையும், வடிவமைப்பின் எண்ணையும், ஆண்டையும் சில்லின் ஓரத்தில் பொறிப்பது வழக்கம். இந்த எழுத்துகளும் சுற்றுக்குரிய அதே அலுமினியத்தில், அதே அச்சில் உருவாகின்றவை. 4004 சில்லின் ஓரத்தில் அதை வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாகின் தம் பெயரின் முதலெழுத்துகளான எஃப்.எஃப். என்பதைப் பொறித்து வைத்தார்.

அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சில்லின் வடிவமைப்புக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. அதன்பின் வட்டத்துக்குள் 'எம்' என்ற எழுத்தைப் பல சில்லுகளில் காணலாம். நம் நாட்டிலும் இதற்கென 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

எழுத்துகளில் வேடிக்கையும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கணிப்பொறிகளைச் சோவியத் நாட்டில் நகலெடுத்து வந்தார்கள். 1987-ல் வந்த சிவாக்ஸ் என்ற சில்லில் அக்கம்பெனியின் பொறியாளர்கள் ரஷ்ய எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். 'திருடுவதானால் மிகச் சிறந்ததையே திருட விரும்புவோருக்கு' என்ற கேலிப் பொருள்படும் வரி அது. சில்லைத் திறந்து நுண்ணோக்கியில் வைப்பவர் கண்ணில் மட்டுமே படும் செய்தி!

ஆண்டைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்யலாம். பெட்டியின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 8214 என்றால் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது. சில்லில் உள்ள ஆண்டோ வடிவமைப்பு முடிந்த ஆண்டு. பெட்டியில் 8214 என்றும் சில்லில் 1985 என்றும் இருந்தால் என்ன பொருள்? வரைபடம் பிறப்பதற்கு முன்பே வீடு கட்டியாகிவிட்டது என்று பொருள்! பெட்டி பொய் சொல்கிறது என்பது உடனே விளங்கும்.

எழுத்தே இல்லாவிட்டால்?

எழுத்தில்லாத சில்லுகளும் உண்டு. அப்போது உருவத்தைக் கொண்டு தொழிலை ஊகிக்க வேண்டும். ஒரு கட்டடத்தில் ஒரே அளவில் முப்பது அறைகளும் ஒவ்வொன்றிலும் கரும்பலகையும் இருந்தால் அது பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடலாமல்லவா? சில்லிலும் அப்படியே. கட்டம் கட்டமாக ஒரே உருவம் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அது நினைவகம். ஓரத்தில் பெரிய டிரான்சிஸ்டர்கள் அகன்ற உலோகப் பட்டைகளுடன் இருந்தால், அங்கே அதிக மின்னோட்டம் பாய்கிறது. உட்பாகமே தெரியாமல் அகன்று விரிந்த ஒரே திட்டு மின்தேக்கியாக இருக்கலாம். வளைந்து வளைந்து செல்லும் நீண்ட கோடு மின்தடை. ஓரத் திட்டுகளின் எண்ணிக்கை கால்களின் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த முறையின் வலிமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 2017-ல் அமெரிக்காவில் நடந்தது. 64 பிட் கொள்ளளவுள்ள பழைய நினைவக ஐ.சி. என்று கூறப்பட்ட ஒன்றின் சில்லுப் படம் வெளியாகியிருந்தது. பழைய சில்லுகளை ஆராய்வதில் பெயர்பெற்ற பொறியாளர் கென் ஷிரிஃப் அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் குழப்பமே மிஞ்சியது. 64 பிட் நினைவகம் என்றால் ஒரே மாதிரி அறைகள் 64 இருக்கவேண்டுமே, அந்த ஒழுங்கு எங்கே? பெட்டி சொன்ன குடும்பத்துக்குரிய டிரான்சிஸ்டர்களின் சாயலும் அங்கே இல்லை. இலக்கச் சுற்றாக மட்டும் இருக்கவேண்டிய இடத்தில், தொடர்ந்து மாறும் மின்னழுத்தங்களைக் கையாளும் பகுதிகள் வேறு தெரிந்தன.

அவர் டிரான்சிஸ்டர்களை இனம் கண்டு, அவற்றிலிருந்து சிறு சுற்றுகளையும், அவற்றிலிருந்து பெரிய பகுதிகளையும் கூட்டிப் படித்தார். இறுதியில் உண்மை வெளிப்பட்டது. அது நினைவகமே அல்ல. பொத்தான் தொலைபேசியில் எண்ணை ஒலியாக மாற்றும் சில்லு!

பொத்தான் தொலைபேசியில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளை ஒருங்கே எழுப்புகிறது. பொத்தான் வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுக்கைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5-ஐ அழுத்தினால் 770-ம் 1336-ம் சேர்ந்து ஒலிக்கும். இதற்கான சில்லில் என்னென்ன வேண்டும்? அழுத்திய பொத்தானை அறியும் உள்வாயில்கள், ஒரு படிகத்தின் வேகமான அதிர்வை எண்ணி எண்ணிப் பகுக்கும் பகுதிகள், பகுத்த துடிப்புகளைப் படிப்படியாக அடுக்கிச் சைன் அலையாக வனையும் பகுதி. இலக்கமும் அலையும் ஒரே சில்லில் கலந்திருப்பதன் மர்மம் இதனால் தெளிகிறதல்லவா? எந்த எழுத்தையும் நம்பாமல், 'இந்த உறுப்புகளைக் கொண்டு என்ன தொழில் செய்ய முடியும்?' என்று கேட்டதன் பலன் இது.

போலிகளால் என்ன கேடு?

தொலைபேசிச் சில்லை நினைவகம் என்று விற்றால் கணக்குத் தவறும். அவ்வளவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க செனட் சபையின் ஆயுதப்படைக் குழு 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இராணுவக் கருவிகளுக்கான பாகங்களில் போலி என ஐயுறத்தக்க சுமார் 1,800 நிகழ்வுகளை அது கண்டறிந்தது. அவற்றில் அடங்கிய பாகங்களின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கு மேல். கழித்துக்கட்டிய பழைய பலகைகளைச் சூடாக்கி ஐ.சி.க்களைப் பெயர்த்து, கழுவித் தேய்த்து, புதுப்பெயர் அச்சிட்டு விற்பது போலிகள் பிறக்கும் முக்கிய வழி. வானூர்தியிலோ மருத்துவக் கருவியிலோ அத்தகைய ஒன்று நுழைந்தால் விளைவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நுண்ணோக்கியின் எல்லை

எல்லாச் சில்லுகளையும் இப்படிப் படித்துவிட முடியுமா? முடியாது. ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஏறக்குறைய ஒளியின் அலைநீளத்தில் பாதி. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர். ஆகவே சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே எல்லாம் மங்கலே. 4004-ன் கோடுகள் 10 மைக்ரான் அளவினவை. அவற்றை எளிதாகப் படிக்கலாம். இன்றைய செல்பேசிச் சில்லின் கோடுகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு சிறியவை. அவற்றுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மேலும், அவற்றில் பல அடுக்கு உலோகம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கவும் வேண்டும். ஆயினும் பெரும் பகுதிகளின் அமைப்பும் எழுத்துகளும் சாதாரண ஒளியிலேயே தெரியும். பல நேரங்களில் போலியைப் பிடிக்க அதுவே போதும்.

சிலிக்கான் ஒளியை விடாது என்றேன் அல்லவா? அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மட்டும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ இதனால் வகுத்தால் சுமார் 1107 என வரும். அதாவது, அலைநீளம் 1,107 நானோமீட்டரை நெருங்கும்போது சிலிக்கான் மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறுகிறது. முதுகுப்புறம் மூடப்படாமல் கவிழ்த்துப் பொருத்திய சில்லுகளை, இந்த அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, பலகையிலிருந்து கழற்றாமலே உள்ளே பார்க்கும் எளிய முறையை 2023-ல் சிங்கப்பூரில் வாழும் பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங் விளக்கிக் காட்டினார். அமிலமும் வேண்டாம், ஐ.சி.யும் பாழாவதில்லை.

எங்கள் ஐ.சி. என்ன ஆயிற்று?

எங்கள் சில்லில் எழுத்து ஏதும் துலங்கவில்லை. டிரான்சிஸ்டர்களை எண்ணினோம், சுமார் 20. ஒரு பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் சிறுக்கச் செய்யும் பெரிய திட்டு ஒன்று. அது மின்தேக்கி. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கையாளும் 741 என்ற பழைய பெருக்கி நினைவுக்கு வந்தது. 1968-ல் ஃபேர்சைல்ட் கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தது. அதில் சுமார் 20 டிரான்சிஸ்டர்களும் 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் உண்டு. 0.1 மைக்ரான் தடிப்புள்ள டையாக்சைடு படலத்தில் 30 பிக்கோஃபாரட் பெற எவ்வளவு பரப்பு வேண்டும் என்று கணக்கிட்டால், பக்கத்துக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் உள்ள சதுரம் கிடைக்கும். டிரான்சிஸ்டர்களுக்கு முன் அது திடல் போலத் தெரிவதில் வியப்பில்லை.

எங்களிடம் இருந்த ஒரு 741-ஐயும் திறந்து பக்கத்தில் வைத்தோம். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகவில்லை. வேறொரு கம்பெனியின் வரைபடம். ஆனால் கோடுகளைத் தாளில் வரைந்து தொடர்ந்து சென்றபோது இரண்டிலும் சுற்று ஒன்றே. உயர்ந்த ரகம் என்று விற்றது, சாதாரண 741!

முக்கோண அலையின் காரணமும் அந்தத் திடலிலேயே இருந்தது. 741-ன் உள்ளே அந்த மின்தேக்கியை நிரப்பக் கிடைக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 15 மைக்ரோஆம்பியர். 15 மைக்ரோஆம்பியரை 30 பிக்கோஃபாரடால் வகுத்தால், மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட். அதைவிட விரைவாக வெளியீடு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. 50,000 ஹெர்ட்ஸ் அலையில் ஏற்றத்துக்குக் கிடைக்கும் நேரம் 10 மைக்ரோநொடி. அதற்குள் ஏறக்கூடியது 5 வோல்ட். அதாவது நடுக்கோட்டிலிருந்து மேலே 2.5, கீழே 2.5. ஆசிலோஸ்கோப் முதல் நாளே காட்டிய அதே எண்!

கருவி மூன்று நாட்களாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் பெட்டியின் முதுகில் இருந்த பெயரை நம்பி, மாணவரை நம்பாமல் இருந்துவிட்டேன். கடிந்துகொண்ட அதே நான்கு பேர் முன்னிலையில் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். வேறிடத்தில் வாங்கிய நல்ல ஐ.சி.யைப் பொருத்தியதும், அவர் கட்டிய சுற்று ஓர் இணைப்பும் மாற்றாமல் 10 வோல்ட் சைன் அலையைத் தந்தது.

உங்கள் சோதனையில் எதிர்பாராத விடை வரும்போது, 'நான் எங்கே தவறினேன்?' என்று கேளுங்கள். அது நல்ல பழக்கம். அத்துடன், 'எனக்குச் சொல்லப்பட்டது சரிதானா?' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய பலகை ஏதும் கிடைத்தால் குவார்ட்ஸ் சன்னலைத் தேடி உள்ளே எட்டிப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள்.